ஆறு மாதத்துக்கு எத்தனை நாள்

அந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் காட்டுங்கள் சார். ஒன்றுமில்லை, நேரம் போட்டிருக்கிறதே, அதைப் பார்க்கத்தான். காதணி விழா. காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள். இதுதான். இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். இது எவ்வளவு நேரம்? ஒன்றரை மணி நேரம் என்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இது ஒன்றரை மணி நேரம் இல்லை சார். ஒன்பது ஒரு முனை, பத்தரை ஒரு முனை. இரண்டும் நட்டுவைத்த வேலிக்கால், நகர்த்த முடியாது. ஒன்றரை மணி நேரம் என்பது கயிறு. எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் போட்டு அளக்கலாம். காலையிலும் அளக்கலாம், சாயங்காலமும் அளக்கலாம். வேலிக்காலும் கயிறும் ஒன்றா?

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை. ஏழு வருடமாக என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யாரும் இல்லை.

நீங்கள் தாய்மாமனா? அப்படியானால் உங்கள் மடியில்தான் குழந்தை உட்காரும். நல்லது. தங்கச்சி குழந்தையா? பதினொன்றாம் மாதமா? சரி, அது எத்தனையாவது நாள் என்று கேட்க மாட்டேன், பயப்படாதீர்கள். எனக்கும் ஒரு பத்திரிகையா? அட, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததற்கா? உங்கள் பக்கத்து ஆட்கள் மனசே மனசு. குருபரன். 'கு' குறில், நெடில் இல்லை. குருபரன் குடும்பத்தார் என்றே எழுதுங்கள், மனைவியும் வருவாள். மதுரையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இப்போது திண்டுக்கல் போகிறேன், பதினோரு மணிக்குத் தொழிலாளர் அலுவலர் முன்னால் ஒரு விசாரணை. நான் குற்றவாளி இல்லை சார், பேனாவை நிறுத்த வேண்டாம். சாட்சி. கார் வைத்துத் தருவார்கள் என்று பார்த்தேன். பஸ் டிக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் காசு தருகிறோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

நான் எழுதுவது லைப்ரரி. புத்தகம் அடுக்குகிற இடம் இல்லை. மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பயன்படுத்துகிற சாமான் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தச்சர் ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக உளி அடிப்பதில்லை அல்லவா, அதுபோல. என் பெட்டியில் ஒரே சாமான்தான். கால அளவு. எவ்வளவு நேரம், எவ்வளவு நாள் என்று எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் என் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். 'நாழி' என்று பெயர் வைத்தேன். ஆபீசில் 'நாழி வந்துட்டார்' என்று என்னையே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது, ஒரு எண்தானே என்பார்கள். அந்த எண்தான் சார் பிரச்சினை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மணி அடிக்கிற சாஃப்ட்வேர் செய்தோம். ஒரு பீரியட் நாற்பத்தைந்து. ஒரு பையன் நாற்பத்தைந்து என்று எழுதினான், நிமிடம் என்று நினைத்துக்கொண்டு. மணியடிக்கிற பகுதியை எழுதியவன் அதை வாங்கினான், நொடி என்று நினைத்துக்கொண்டு. முதல் நாள் காலை பிரேயர் முடிந்ததும் நாற்பத்தைந்து நொடிக்கு ஒருதரம் மணி. பிள்ளைகள் உட்காருவதும் எழுந்திருப்பதும் பையைத் தூக்குவதுமாக இருந்தார்களாம். தலைமை ஆசிரியை போன் செய்து, 'தம்பி, எங்க பிள்ளைங்க இன்னைக்கு ஒன்பதே முக்காலுக்கே அஞ்சாம் கிளாஸ் முடிச்சிருச்சுங்க' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றைக்கு முடிவு செய்தேன், வெறும் எண்ணை இனி யாரும் கொடுக்கக் கூடாது. முப்பதா? முப்பது என்ன? நொடியா, நிமிடமா, நாளா? அலகு இல்லாமல் எண் கொடுத்தால் நாழி வாங்காது. திருப்பி அனுப்பும். ரயில்வே கவுண்டரில் படிவம் சரியாக எழுதாமல் கொடுத்தால் திருப்பித் தள்ளுவார்களே, அப்படி.

அதற்கே எவ்வளவு சண்டை தெரியுமா? 'அலகு சொல்லலேன்னா நொடின்னு எடுத்துக்கக் கூடாதா' என்று கேட்டார்கள். கூடாது. எடுத்துக்கொள்வது என்று ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்? ஊகிக்கிற கருவி கருவியே இல்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரிய சண்டை மாதத்தில்தான் வந்தது. ஒரு மாதத்துக்கு எத்தனை நாள் சார்? முப்பது. சொன்னீர்களா! பிப்ரவரியை எங்கே வைப்பீர்கள்? ஜூலையும் ஆகஸ்டும் அடுத்தடுத்து முப்பத்தொன்று, அதை? நம் மாதத்தையே எடுங்கள், ஆனி சில வருடம் முப்பத்திரண்டு, மார்கழி இருபத்தொன்பது. மாதம் என்பது அளவே இல்லை சார். ரப்பர் கயிறு. என் மனைவி உண்டாயிருந்தபோது அவள் அம்மா பத்து மாதம் பத்து மாதம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கணக்குப் போட்டுக் காட்டினேன், இருநூற்று எண்பது நாள், அதை இருபத்தெட்டால் வகுத்தால்தான் பத்து வரும், முப்பதால் வகுத்தால் ஒன்பது மாதமும் பத்து நாளும்தான் என்று. அந்த அம்மா அதற்குப் பிறகு என்னிடம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆகவே நாழியில் மாதத்தை நாளாக மாற்ற முடியாது என்று வைத்தேன். கேட்டால் மறுத்துவிடும். ஆறு மாதம் எத்தனை நாள் என்று கேட்டால், 'எந்தத் தேதியிலிருந்து?' என்று கேட்கும். அதுதானே சரி? தேதி சொன்னால் சொல்லலாம். சொல்லாவிட்டால் கடவுளாலும் சொல்ல முடியாது.

இது சமயநல்லூரா? இன்னும் இவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறோமா? ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். சரி, நேரம் இருக்கிறது.

வைஜெயந்தி மேடம் என்று எங்கள் டீமுக்குத் தலைவி. கெட்டவர் இல்லை. கஸ்டமர் போன் வந்தால் மட்டும் எதற்கும் சரி சொல்லிவிடுவார். மில்களுக்கும் கார்மென்ட்ஸ்களுக்கும் ஆள் வருகை, லீவு, ஷிஃப்ட் பார்க்கிற சாஃப்ட்வேர் செய்தோம். லீவு எவ்வளவு நாள் என்று மில்காரர்களே திரையில் பதிய வேண்டும். ஒரு கட்டத்தில் எண், பக்கத்துக் கட்டத்தில் நாள், வாரம், மாதம். மாதம் என்று தேர்ந்தெடுத்தால் நாழி மறுக்கிறது, சிவப்பில் பிழை காட்டுகிறது. மேடம் வந்து என் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: 'குரு, உலகத்துல எல்லாருக்கும் மாசம் முப்பது நாள். உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?'

மூன்று வாரம் பேசினேன் சார். மின்னஞ்சல் எழுதினேன். படம் போட்டு விளக்கினேன். லீவு தொடங்குகிற தேதியைத் திரையிலிருந்து வாங்கிக் கொடுத்தால் மாதத்தைச் சரியாக எண்ணித் தருகிறேன் என்றேன். அதற்குத் திரையை மாற்ற வேண்டும், இரண்டு நாள் வேலை. நேரம் இல்லை என்றார்கள். நேரத்தைப் பற்றி என்னிடமே நேரம் இல்லை என்கிறார்கள்!

கடைசியில் எழுதிக் கொடுத்தேன். நான்தான் எழுதினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் எப்படி எழுதினேன் என்று பாருங்கள். தனியாக ஒரு வழி வைத்தேன், அதற்குத் 'தோராயம்' என்று பெயரே வைத்தேன். அந்த வழியாகப் போனால் மாதத்துக்கு முப்பது. விளக்கக் குறிப்பில் நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், சட்டப்படியான கணக்குக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று. கட்டம் கட்டி எழுதியிருக்கிறேன். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்?

மில்லில் இருக்கிறவர்கள் அதைப் படித்தார்களா என்கிறீர்களா? அது மில்காரர்களுக்கு எழுதியது இல்லை சார், புரோகிராமர்களுக்கு. புரோகிராமர்கள் படித்தார்களா? அதுதானே என் கேள்வியும்! யாரும் படிக்கவில்லை. முதலில் திரையில் 'இது தோராயம்' என்று மஞ்சள் எழுத்தில் ஒரு வரி வரும்படி வைத்திருந்தார்கள். மஞ்சள் நன்றாக இல்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. எடுக்கலாம் என்று பதில் போட்டேன். நிறத்தைப் பற்றித்தானே கேட்டார்கள். திரை என் பொறுப்பு இல்லை. என் பொறுப்பு நாழி.

இதில் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம், விசாரணையில் இருக்கிறது. அங்கே பாலதண்டாயுதம் என்று ஒரு ஆபீசர், ஆள் எடுப்பு லீவு எல்லாம் அவர்தான். பிரசவ லீவுக்கு என்ன பதிந்திருக்கிறார்? ஆறு. பக்கத்தில் மாதம். சட்டம் என்ன சொல்கிறது? இருபத்தாறு வாரம். இருபத்தாறு வாரம் என்று சட்டம் எழுதியவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் சார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, வாரம் என்பது அளவு. ஏழு நாள், கூடாது குறையாது. இருபத்தாறு ஏழு நூற்று எண்பத்திரண்டு. நம் ஆள் அதை ஆறு மாதம் என்று மொழிபெயர்த்தார். என் தோராயம் அதை நூற்று எண்பது என்று சொன்னது. இரண்டு நாள் போய்விட்டது.

அந்த மில்லில் வேலை செய்கிற ஒரு அம்மா பிரசவ லீவில் போனது ஜூன் இரண்டு, திங்கட்கிழமை. இருபத்தாறு வாரம் கழித்து டிசம்பர் ஒன்று, அதுவும் திங்கட்கிழமை. காலை ஷிஃப்டுக்கு ஆறு மணிக்கு வந்து வாசல் கேட்டில் வருகை மெஷினில் விரலை வைத்திருக்கிறார். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்திருக்கிறார். எடுக்கவில்லை. குழந்தை துணியெல்லாம் துவைத்து ரேகை தேய்ந்துவிட்டதோ என்று வாட்ச்மேனிடம் கேட்டாராம். ரேகை சரியாகத்தான் இருந்தது சார். கணினிக் கணக்குப்படி அவர் சனிக்கிழமை வந்திருக்க வேண்டும். சனி வரவில்லை, ஞாயிறு வரவில்லை. நீண்ட லீவு முடிந்து இரண்டு நாள் வராவிட்டால் தானாக விலகியவர் என்று எடுத்துக்கொள் என மில் ஒரு விதி பதிந்திருக்கிறது. அதன்படி ஞாயிற்றுக்கிழமை முடிந்ததும் கணக்கை மூடி, கடிதத்தையும் அச்சடித்துவிட்டது. ஒரு பிசகு இல்லை. வரிசையாக எல்லாம் நடந்திருக்கிறது. நான் பதிவேட்டை வரிக்கு வரி பார்த்தேன்.

பதினோரு வருடம் அங்கே வேலை செய்தவர். பெயரா? இருங்கள், பேப்பரில் இருக்கிறது. எனக்கு ஆள் எண்தான் மனப்பாடம், மூன்று நான்கு ஒன்று ஏழு. சகாயராணி. ஆமாம், சகாயராணி.

திரும்பச் சேர்க்க முடியாதா என்றால், அதற்கென்ன, 'மீண்டும் சேர்' என்று ஒரு பொத்தானே இருக்கிறது. ஆபீசர் அழுத்தினால் அரை நொடி. பாலதண்டாயுதம் அழுத்தவில்லை. 'சிஸ்டம் மூடினதை நாங்க எப்படிங்க திறக்கிறது' என்று சொல்லிவிட்டார். நிரந்தர ஆட்களைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேண்டுமென்றால் இன்னொரு தரம் புதிதாக வந்து சேரட்டும், தினக்கூலிக்கு, முதல் நாளிலிருந்து என்றிருக்கிறார்கள். அது மில் விவகாரம். அதற்குள் நான் போகவில்லை.

உங்கள் தங்கச்சி வேலைக்குப் போகிறார்களா? போயிட்டிருந்துச்சு என்கிறீர்களா. சரி சரி. குழந்தை பிறந்தால் கஷ்டம்தான்.

எங்கே விட்டேன்? கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் எங்கள் கம்பெனி பெயர் இருக்கும், மென்பொருள் இன்னார் என்று. அந்தம்மா அதைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மதுரைக்கு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். இதை யாராவது எதிர்பார்ப்பார்களா? ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேடம் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொல்லிவிட்டார். நாள் கணக்கு சம்பந்தமாக என்றதும் என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

அவர் கையில் என்ன இருந்தது தெரியுமா சார்? தினசரி காலண்டர் தாள். லீவில் போன அன்றைக்கு ஆரம்பித்து, கிழிக்கிற தாளை எறியாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் ஊசியால் குத்தி, மில் நூலாலேயே கோத்து வைத்திருக்கிறார். ஆறு மாதம் என்று யாரோ அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். மாதத்தை நம்ப முடியாது, ஒன்று முப்பது வரும் ஒன்று முப்பத்தொன்று வரும் என்று எண்ணி, யூனியன்காரர் எழுதிக் கொடுத்த இருபத்தாறு வாரத்தை நாளாக மாற்றி, ஒரு நாளுக்கு ஒரு தாள். பிரசவ ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளுக்கும்கூடத் தாள் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லிக் கிழித்து எடுத்துவர வைத்தாராம்.

என் மேசைமேல் வைத்து, எண்ணிப் பாருங்க சார் என்றார். எண்ணினேன். நூற்று எண்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன். நூற்று எண்பத்திரண்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது சார், பொய் சொல்லவில்லை. ஏழு வருடமாக நான் கத்திக்கொண்டிருப்பதை, பெரிய பெரிய காலேஜில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ஏறாததை, பத்தாம் வகுப்புத் தாண்டாத ஒரு அம்மா ஊசி நூலில் செய்து வைத்திருக்கிறார். அலகு மாறாது. தாள் என்றால் தாள். ஊகம் இல்லை. இதுதான் நாழி! அதை அவரிடமே சொன்னேன். உங்கள் முறை மிகச் சரி என்றேன். டீமில் நாலு பேரைக் கூப்பிட்டு அந்தக் கட்டைக் காட்டினேன். ஒரு போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன், போனில் இருக்கிறது, காட்டட்டுமா? வேண்டாமா? சரி.

அந்தம்மா கேட்டார், அப்ப என் கணக்கு சரிதானே என்று. சரி என்றேன். சிஸ்டம் போட்டது தப்பு, அப்படித்தானே என்றார். அங்கேதான் சார் அவருக்கு விளங்கவில்லை. அதுவும் தப்பில்லை, தோராயம் என்று கேட்டார்கள், தோராயம் கொடுத்தது, கேட்டதற்குச் சரியான பதில்தான் என்று பொறுமையாக விளக்கினேன். நான்காம் பக்கத்தையும் திறந்து காட்டினேன். குழந்தை என் கீபோர்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதன் கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: 'ரெண்டு கணக்கும் சரின்னா நான் எதுக்கு சார் வெளிய நிக்கிறேன்?'

அது சாஃப்ட்வேர் கேள்வி இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஸ்கூல் டீச்சர். முழுவதையும் கேட்டாள், மாதம் அளவில்லை என்பது, மூன்று வாரச் சண்டை, நான்காம் பக்கம், எல்லாம். கேட்டுவிட்டு, 'முப்பதுன்னு எழுதினது நீங்கதானே?' என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள், என்னைப் பார்க்கக்கூட இல்லை. வீட்டிலேயே இப்படி என்றால் ஆபீசில் என்ன எதிர்பார்ப்பது? எழுதியது நான். எழுதக் கூடாது என்றதும் நான்தானே? அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

இன்னொன்றும் இருக்கிறது, விசாரணையில் கேட்பார்களோ என்னவோ. அக்டோபரிலேயே எங்கள் டெஸ்டர் ஒரு பெண், ஹசீனா என்று, ஒரு குறை எழுதியிருந்தாள். பிரசவ லீவு இரண்டு நாள் குறைவாக வருகிறது, பார்க்கவும் என்று. அது என்னிடம் வந்தது. பார்த்தேன். நாழி கொடுத்தது நூற்று எண்பது, தோராயத்துக்கு நூற்று எண்பதுதான் வர வேண்டும். பிழை இல்லை என்று எழுதி மூடிவிட்டேன். இன்றைக்குத் திறந்து பார்த்தாலும் அதில் பிழை இல்லை சார். அவள் பிறகு என் இருக்கைக்கே வந்து, 'அண்ணா, ஆனா ரெண்டு நாள் நிஜமா குறையுதே' என்றாள். குறையட்டும், அது நாழியில் குறையவில்லை, அவர்கள் தேர்ந்தெடுத்ததில் குறைகிறது என்றேன். நிஜமா என்ற சொல்லுக்கு எங்கள் தொழிலில் இடம் இல்லை. எழுதினபடி நடக்கிறதா இல்லையா, அவ்வளவுதான்.

ஆமாம், டிசம்பருக்கு முன்னால்தான். ஒன்றரை மாதம் முன்னால். பாருங்கள், நானே மாதம் என்று சொல்கிறேன்.

வாடிப்பட்டி எப்போது போனது? பேச்சில் கவனிக்கவே இல்லை. மணி பத்தே முக்கால் ஆகிவிட்டதா? இந்த டிரைவர் என்ன மாட்டு வண்டியா ஓட்டுகிறார்?

அந்தம்மா மனு கொடுத்துத்தான் இன்றைய விசாரணை, அதில் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இந்தக் கடிதம். கவரைப் பிரித்தே காட்டுகிறேன், ரகசியம் ஒன்றும் இல்லை. மேடம் கையெழுத்து, கம்பெனி முத்திரை. மூன்றாவது வரியைப் பாருங்கள். 'கால அளவுகளைக் கணக்கிடும் நாழி என்னும் லைப்ரரி எந்தப் பிழையும் இன்றிச் சரியாக இயங்கியுள்ளது.' படித்தீர்களா? ஏழு வருடம் சார். ஏழு வருடத்தில் ஒரு மின்னஞ்சலில், ஒரு மீட்டிங்கில், சம்பள உயர்வுக் கடிதத்தில்கூட யாரும் இந்த வரியை எழுதியதில்லை. மாதத்துக்கு முப்பது போடத் தெரியாத ஆள் என்றுதான் என்னைப் பற்றிப் பேச்சு. இப்போது முத்திரையோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது, மற்றதெல்லாம் போகட்டும் என்று இருந்தது எனக்கு.

இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். மில் வக்கீல் இதைத்தான் எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. சாஃப்ட்வேர் சரி, ஆகவே அது போட்ட தேதி சரி, ஆகவே அந்தம்மா இரண்டு நாள் பிந்திவிட்டார், தானாக விலகியதுதான் என்பார். அப்படியே முடிந்துவிடும் என்று மேடமும் சொன்னார். அந்தம்மாவுக்கு வேலை போய்விடும்தான். நான் என்ன சொல்ல முடியும்? தேதி தப்பு, நூற்று எண்பத்திரண்டுதான் வந்திருக்க வேண்டும், முப்பது நான் போட்டது, அக்டோபரிலேயே எனக்குத் தெரியும் என்று சொன்னால், நாழி தப்பு என்றுதானே எழுதிக்கொள்வார்கள்? இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் அந்த அதிகாரிக்கு விளங்குமா? கயிறு, வேலிக்கால் எல்லாம் அங்கே உட்கார்ந்து சொல்ல முடியுமா? உங்களுக்கே எவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்.

காலண்டர் தாளைப் பற்றிச் சொல்லலாமே என்கிறீர்கள். அதை அவர் கொண்டுவந்து காட்டட்டும், யார் வேண்டாம் என்றது? நான் எண்ணிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டுமா? என்னிடம் அதைக் கேட்க மாட்டார்கள் சார். நாழி சரியா என்று மட்டும்தான் கேட்பார்கள். கேட்டதற்குத்தான் பதில். அலகு இல்லாத கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை.

நிறுத்திவிட்டான். இது எந்த இடம்? சின்னாளபட்டி முன்னாலா? முன்னால் லாரி வரிசை நிற்கிறது. ஒரு பக்கம்தான் விடுகிறார்கள். பதினொன்று அடித்துவிட்டது. இருங்கள், போன். மேடம்.

'மேடம்... வந்துக்கிட்டே இருக்கேன் மேடம். இல்ல, திண்டுக்கல் வந்தாச்சு, பக்கத்துலதான். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம். அவங்க வந்துட்டாங்களா? காலைல ஒன்பதுக்கேவா? குழந்தையோடயா? சரி மேடம், பத்து நிமிஷம்.'

ஏன் சார் வாட்சைப் பார்க்கிறீர்கள்? பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடமா? பேச்சுக்குச் சொல்வதுதான். இந்த வரிசை விட்டு, பஸ் ஸ்டாண்டு போய், ஆட்டோ பிடித்து, நாற்பது நிமிடமாவது ஆகும். உள்ளதைச் சொன்னால் மேடம் வேறு பதறிவிடுவார். காத்திருப்பார்கள் சார். ரோடு தோண்டியிருந்தால் நான் என்ன செய்வேன்? அரை மணி பிந்தினதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு, குருபரன் தானாக விலகிவிட்டார் என்றா எழுதிவிடுவார்கள்? அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் மனிதர்கள்தானே. விவரம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

எழுந்துவிட்டீர்களே. இங்கேயா இறங்குகிறீர்கள்? ஸ்டாப் இன்னும் வரவில்லையே, வெயிலில் நடக்க வேண்டுமே. பரவாயில்லை, பையை நான் எடுத்துத் தருகிறேன். போய் வாருங்கள். தாய்மாமன், மறக்காமல் வேட்டி சட்டை புதிதாக எடுங்கள்.

சார், ஒரு நிமிடம். அந்தக் காதணி விழாப் பத்திரிகை. பையில் வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டீர்கள். என்னுடையது சார், என் பெயர் எழுதியதே அது. அதை வேறு யாருக்கும் கொடுக்க முடியாதே. சார்...